அவிழ்த்த கையில் என்ன கொடுப்போம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் சாதியைக் காட்டப் பள்ளிப் பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறு, அதாவது சாதிக் கயிறு பற்றிய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் 22 வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் நான்.

ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளை வெறுங்கையோடுதான் வரும். எட்டு, ஒன்பது வரும்போதுதான் மணிக்கட்டில் நிறம் ஏறும். கேட்டால் "சாமி கயிறு சார்" என்பான். அது எந்தத் தெருவின் நிறம் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தலைமையாசிரியர் உள்ளே வந்தால் கை மட்டும் மேசைக்கு அடியில் போய்விடும்.

அப்பா திருப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார். தாத்தா காலத்தில் சாதி வயலோடும் கோயில் கொடையோடும் இருந்தது. வயல் தரிசாகிவிட்டது. பேரனுக்கு அந்தச் சாதியே ஸ்டேட்டஸ் வீடியோவாகவும் சைக்கிளில் அடித்த பெயிண்டாகவும் வருகிறது. பத்துப் பேர் தோளில் கைபோட்டு நிற்க ஏங்குகிற வயது. அந்தப் பத்துப் பேரை இன்று கயிறுதான் சேர்த்துக் கொடுக்கிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சமூகத்து மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு படித்த பையன்கள்தான். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எல்லாவற்றுக்கும் தடை கேட்டது. சாதி பெயிண்ட் அடித்த சைக்கிளும் கூடாது என்றது. முழு மனதோடு ஆதரிக்கிறேன். மத நம்பிக்கையில் கைவைக்கிறார்கள் என்று அதை எதிர்த்தவர்கள் எங்கள் வகுப்பறையில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் கயிறு தானாகக் கழன்றதையும் பார்த்திருக்கிறேன். எங்கள் பள்ளியில் ஒரு உடற்கல்வி ஆசிரியர் வாலிபால் அணி சேர்த்தார். மேலத்தெருப் பையன் பந்தைத் தூக்கிக் கொடுத்தால்தான் காலனிப் பையன் அடிக்க முடியும். பந்தெடுக்க இடைஞ்சலாக இருக்கிறதென்று அவர்களே கயிற்றை அவிழ்த்தார்கள். முதுகில் பள்ளிப் பெயர் போட்ட நீலச் சட்டையை ஞாயிற்றுக்கிழமையும் போட்டுக்கொண்டு, ஒரே பெஞ்சில் டீ குடித்தார்கள்! மூன்று வருடம் அப்படி ஓடியது. அப்புறம் அவர் மாற்றலாகிப் போனார், அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. நான் ஓய்வுபெற்ற அன்று வலைக்கம்பத்தைச் சுற்றிச் சீமைக்கருவேலம் இடுப்புயரம் நின்றது.

கயிற்றைத் தடுக்கும் உத்தரவு வரட்டும். அதே கையோடு, தென்மாவட்டக் கிராமத்துப் பள்ளிகளில் காலியாகக் கிடக்கும் உடற்கல்வி ஆசிரியர் இடங்களையும் அரசு நிரப்ப வேண்டும் என்று தங்கள் இதழ் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
திருநெல்வேலி மாவட்டம்.