அல்பெர்தினே எப்போது தமிழ் பேசுவாள்? பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் எழுதுகிறவனும் இல்லை, மொழிபெயர்க்கிறவனும் இல்லை. காசு கொடுத்துப் புத்தகம் வாங்குகிறவன். அந்த உரிமையில் ஒரே ஒரு கோரிக்கை வைக்கிறேன்: ‘அல்பெர்தினே’ என்ற நார்வே நாவலைத் தமிழில் கொண்டுவாருங்கள்.

நார்வே என்றதும் நம் வாசகர்களுக்கு நினைவு வருவது ஹாம்சன்தான். ‘நிலவளம்’ நாவலைக் க.நா.சு. தமிழுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்தே அப்படி. நாடகம் என்றால் இப்சன். ஹாம்சன் பெரிய எழுத்தாளர், மறுக்கவில்லை. நோபல் பதக்கத்தைக் கொண்டுபோய் ஹிட்லரின் அமைச்சர் கோயபல்ஸிடம் கொடுத்த மனிதரையே இத்தனை ஆசையாகப் படிக்கிறோம் என்றால், ஒரு தையல்காரப் பெண்ணுக்காகக் கோர்ட் படி ஏறியவரையும் கொஞ்சம் படிக்கலாமே என்பதுதான் என் வாதம்.

அவர் கிறிஸ்தியான் க்ரோக் (1852–1925). சட்டம் படித்துத் தேறிவிட்டு, ஓவியம் கற்க ஜெர்மனிக்குப் போனவர். அப்புறம் பத்திரிகையாளர். இடையில் ஒரு நாவல், ‘அல்பெர்தினே’. 1886 கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு வெளிவந்தது. மறுநாளே போலீஸ் பிரதிகளைப் பறிமுதல் செய்தது. அப்போது ஆட்சியில் இருந்தது பிரதமர் ஸ்வெர்த்ரூப்பின் தாராளவாதக் கட்சி என்பதுதான் வேடிக்கை. ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கிக் கண்டித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், க்ரோக்குக்கு நூறு குரோனர் அபராதம் விழுந்தது.

அப்படி என்ன எழுதிவிட்டார்? அன்றைய கிறிஸ்தியானியாவில், அதாவது இன்றைய ஓஸ்லோவில், துணி தைத்துப் பிழைக்கும் ஏழைப் பெண் அல்பெர்தினே. வீட்டில் நோயாளிச் சகோதரன். அக்காள் ஏற்கெனவே பெயர் கெட்டவள், அதனாலேயே இவள் மீதும் ஊரின் கண். போலீஸ் அதிகாரி ஒருவன் நைச்சியமாகப் பேசி அழைத்துப் போய், குடிக்க வைத்துக் கெடுத்துவிடுகிறான். கொஞ்ச நாளில் போலீஸ் மருத்துவரிடம் உடல் பரிசோதனைக்கு வரச் சொல்லி அவளுக்கு உத்தரவு வருகிறது. குற்றம் செய்தவன் எந்தத் துறையோ, அதே துறையிடமிருந்துதான் உத்தரவும். நாவல் முடியும்போது அவள் அந்நகரின் வீக்கா பகுதியின் விலைமாதர்களில் ஒருத்தி.

சட்டப் புத்தகத்தின்படி அந்த ஊரில் பாலியல் தொழில் குற்றம். ஆனால் போலீஸே பதிவேடு வைத்துக்கொண்டு, பெண்களை முறை வைத்து வரவழைத்துப் பரிசோதித்தது. இந்த இரட்டை வேடத்தை அம்பலப்படுத்தியதுதான் க்ரோக் செய்த ‘ஆபாசம்’. அந்தப் பத்தாண்டு முடியும் முன்பே கிறிஸ்தியானியாவில் அந்த ஏற்பாடு ஒழிந்தது. அதற்காக முன்பிருந்தே குரல் கொடுத்தவர்கள் பலர். நாவல் மட்டுமே சாதித்தது என்று சொன்னால் அது மிகை.

‘எங்கேயோ குளிர் நாட்டுக் கதை, இங்கே யார் வாங்குவார்கள்?’ என்று நீங்கள் கேட்பீர்கள். 1868-இல் பிரிட்டிஷ் அரசு இந்தியாவுக்கென்று ஒரு தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்தது. பாலியல் தொழிலில் இருந்த பெண்கள் பெயரைப் பதிய வேண்டும், தவணை தவறாமல் பரிசோதனைக்குப் போக வேண்டும், நோய் என்று சொல்லிவிட்டால் ‘லாக்’ ஆஸ்பத்திரியில் அடைபட வேண்டும். சென்னைப் பட்டணத்திலும் அந்தச் சட்டம் நடந்தது. 1888-இல்தான் ரத்தானது. அல்பெர்தினே பரிசோதனைக்குக் காத்திருந்த அறை போல ஒரு அறை, அவள் காலத்திலேயே, நம் ஊரிலும் இருந்திருக்கிறது.

ஹாம்சனின் ‘பசி’ 1890-இல் வந்தது. அந்த நாயகன் பட்டினியோடு சுற்றுவதும் இதே கிறிஸ்தியானியாவில்தான். அதே தெருக்களை ஒரு பெண்ணின் கண்ணால் காட்டுவது க்ரோக்கின் நாவல். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு விற்கலாம். வியாபார யோசனை, இலவசம்.

மொழிபெயர்ப்பு பற்றி ஒரு வேண்டுகோள். அல்பெர்தினேவும் அவள் வீட்டாரும் பேசுவது கிறிஸ்தியானியாவின் ஏழைகள் பேசிய கொச்சை. நம் வழக்கப்படி ஆங்கிலம் வழியாக வந்து, “ஓ, என் அன்பான அம்மா, நான் மிகவும் களைப்படைந்துள்ளேன்” என்று அவள் பேசத் தொடங்கினால் நான் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். நார்வேயிலேயே பிறந்து வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டு மொழியும் தெரிந்தவர்கள். அவர்களில் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அல்பெர்தினே யாழ்ப்பாணத் தமிழில் பேசுவாளோ என்று பயப்பட வேண்டாம். பேசட்டுமே! “அம்மா, எனக்கு ஏலாது” என்று அவள் சொன்னால் நமக்குப் புரியாதா என்ன?

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் இறந்து நூறாண்டு ஆகிவிட்டது, காப்புரிமைத் தொல்லை இல்லை. நார்வே இலக்கியத்தை மொழிபெயர்க்க நிதி தரும் நோர்லா என்ற அமைப்பு இருக்கிறது. விண்ணப்பித்துப் பாருங்கள்.

நாவல் நன்றாகப் போனால், அடுத்து அவருடைய பத்திரிகை எழுத்து. 1890 முதல் இருபது ஆண்டுகள் ‘வெர்தென்ஸ் காங்’ நாளிதழில் எழுதினார். (இன்று அதே பெயரில் வருவது வேறு பத்திரிகை.) மனிதர்களை நேரில் போய்ப் பார்த்து, பேட்டி எடுத்து, கூடவே அவர்களின் உருவத்தையும் தானே வரைந்துவிடுவார். நம் வார இதழ்க்காரர்கள் படித்தால் வயிறு எரியும்.

கடைசியாக அட்டைப்படம். இதே கதையை வைத்து க்ரோக் வரைந்த பெரிய ஓவியம் ஓஸ்லோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகலம் மூன்று மீட்டருக்கு மேல். போலீஸ் மருத்துவரின் காத்திருப்பு அறை. பகட்டான உடுப்பும் தொப்பியுமாகப் பெண்கள் கூட்டம். முதலில் கண்ணில் படுகிறவர்கள் அவர்கள்தான். அவர்களைத் தாண்டித் தேடினால், கதவருகே ஒரு போலீஸ்காரர், அவர் முன்னே தலையில் துணி போர்த்திய, எளிய உடையில் ஒரு பெண். முகம்கூட நமக்குச் சரியாகக் காட்டவில்லை. அதுதான் அல்பெர்தினே.

அந்த ஓவியத்தையே அட்டையில் போடுங்கள். ஆனால் உங்கள் வடிவமைப்பாளர் அவளை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, பக்கத்தில் ஒரு சிவப்பு ரோஜாவையும் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாசகர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

முன்பதிவு அறிவித்த அன்றே இரண்டு பிரதிகளுக்குப் பணம் கட்டிவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் புத்தகங்களை வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவன்