யூரியா மூட்டைக்குள் இருக்கும் இரும்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறுவை மேலுரத்துக்கு யூரியா தேடி அலையும் நேரத்தில் ஜெர்மன் வேதியியலாளர் கெர்ஹார்ட் எர்ட்லின் ஆய்வு வாழ்க்கையை உங்கள் இதழ் கட்டுரையாக வெளியிட்டது பொருத்தம்தான். 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ தழைச்சத்து. அத்தனையும் காற்றில் இருந்த நைட்ரஜன். ஆலையில் இரும்பின் மேல் உடைந்து, ஹைட்ரஜனோடு சேர்ந்து அம்மோனியாவாகி, பிறகு யூரியாவானது. அந்த இரும்பின் மேல் நடப்பதைப் படிப்படியாகக் காட்டியது எர்ட்லுக்கு 2007-ல் வேதியியல் நோபல் கிடைத்ததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று.

ஆனால், அவர் அணுக்களை நுண்ணோக்கியில் பார்த்துப் புதிரை விடுவித்தார் என்று கட்டுரையில் எழுதியிருப்பது சரியல்ல. அணுவைக் காட்டும் டனலிங் நுண்ணோக்கி 1981-ல்தான் ஜூரிக்கில் பின்னிக், ரோரர் என்ற விஞ்ஞானிகள் கையில் உருவானது. நைட்ரஜன் பற்றிய எர்ட்லின் அடிப்படை வேலை 1970-களில், மியூனிக்கில் நடந்தது. அங்கே அவருக்கு உதவியவற்றில் ஒன்று ஓஜே முறை. எலக்ட்ரான் கற்றையைப் பரப்பின் மேல் பாய்ச்சி, தெறித்து வரும் எலக்ட்ரான்களின் ஆற்றலை அளந்து, மேலே எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடுவது. அணுவின் படம் அதில் வராது, வரைகோடுதான் வரும்.

கட்டுரை ஒரே வரியில் தாண்டிப் போன 'தூய பரப்பு' என்பதில்தான் இந்தத் துறைக்காரரின் பாதி ஆயுள் கழிகிறது. அழுத்தம் ஒரு டாரில் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) பத்து லட்சத்தில் ஒரு பங்காக இருந்தாலும், மோதும் வாயு மூலக்கூறெல்லாம் ஒட்டினால் ஒரே நொடியில் பரப்பு முழுக்க ஒரு அடுக்கு அழுக்கு படிந்துவிடும். ஆயிரம் கோடியில் ஒரு பங்குக்கு இறக்கினால் ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் கிடைக்கும். அதற்குள் சோதனையை முடிக்க வேண்டும்.

அந்த வெற்றிடத்தை எட்ட, எஃகுக் கலத்தை 120 முதல் 150 டிகிரி சூட்டில் ஒன்றிரண்டு நாள் வேகவைத்து, சுவரில் ஒட்டிய நீராவியை விரட்ட வேண்டும். மூடியைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் செம்பு வளையம் புதிது. அழுந்திய வளையத்தை மறுபடி போட்டால் கசியும். வெறுங்கை ரேகை ஒன்று பட்டால் போதும், அந்த எண்ணெய்ப் பிசுக்கு நாள்கணக்கில் ஆவி விடும். கும்பகோணத்துப் பித்தளை நம் பூஜை அறைக்கு அழகு. அந்தக் கலத்துக்குள் ஒரு பித்தளைத் திருகாணிகூடப் போகக் கூடாது. சூட்டில் துத்தநாகம் ஆவியாகி எல்லாவற்றின் மேலும் படிந்துவிடும்.

இரும்பு இன்னும் அடம்பிடிக்கும். ஆர்கான் அயனிகளை ஆயிரம் வோல்ட் வாக்கில் மோதவிட்டு மேல்பரப்பைச் சீவுவார்கள். மேடுபள்ளம் ஆறச் சூடாக்குவார்கள். சூடானதும் உள்ளே கிடந்த கந்தகம் மேலே வந்து உட்காரும். மறுபடி சீவல், மறுபடி சூடு. சூட்டைக் கூட்டிச் சீக்கிரம் முடிக்கலாம் என்றால் அதுவும் முடியாது: 912 டிகிரியைத் தாண்டினால் இரும்பின் படிக அமைப்பே மாறி, துண்டு பாழ். இத்தனை பாடு எதற்கு? இரும்பில் மோதும் நைட்ரஜன் மூலக்கூறுகளில் பத்து லட்சத்தில் ஒன்று போலத்தான் உடைந்து ஒட்டும். ஆக்சிஜனோ மோதியதில் பெரும்பகுதி ஒட்டிக்கொள்ளும். வாயுவில் துளி அசுத்தம் இருந்தாலும் அளப்பது நைட்ரஜனை அல்ல, அசுத்தத்தை.

எர்ட்லின் முடிவைப் புரிந்துகொள்ள நம்மூர் நெல் கொள்முதல் நிலையம் போதும். மூட்டை மலையாகத் தேங்கினால் லாரி வரவில்லை என்று அர்த்தம். தரை காலியாகக் கிடந்தால் நெல் வரத்துதான் மந்தம். இங்கே மூட்டை நைட்ரஜன் அணு, லாரி ஹைட்ரஜன். ஹைட்ரஜனைக் கூட்டக் கூட்ட, இரும்பின் மேல் நைட்ரஜன் அணுக்கள் குறைந்தன. ஆக, ஹைட்ரஜன் ஒவ்வொன்றாகச் சேர்வதில் தாமதம் இல்லை; நைட்ரஜன் உடைவதே மெதுவான படி. ஆலை இரும்பில் பொட்டாசியம் கலப்பதன் காரணமும் இதிலிருந்தே புரிந்தது. அது பரப்புக்கு எலக்ட்ரான் கொடுத்து, நைட்ரஜனை இறுகப் பிடித்து உடைக்க உதவுகிறது. சாம்பல் சத்தான பொட்டாசியத்துக்கு வயலில் மட்டும்தான் வேலை என்று நினைத்துவிட வேண்டாம்.

வெற்றிடத்தில் கண்டது நூற்றுக்கணக்கான வளிமண்டல அழுத்தத்தில் ஓடும் ஆலைக்குப் பொருந்துமா என்ற சந்தேகம் நியாயமானதே. 1985-ல் ஸ்டோல்ட்சே, நோர்ஸ்கோவ் என்ற இரு ஆய்வாளர்கள் இத்தகைய பரப்பு அளவீடுகளிலிருந்து கணக்குப் போட்டு, ஆலை வினையூக்கியின் விளைச்சலோடு ஒத்துப்போவதைக் காட்டினார்கள். கட்டுரையில் இதற்கு இரண்டு வரி ஒதுக்கியிருக்கலாம்.

கடைசியாக, கட்டுரையோடு வந்த படம். ஐ.பி.எம். என்று எழுத்துக்கூட்டி நிற்கும் அந்த 35 புள்ளிகள், நிக்கல் பரப்பின் மேல் டான் ஐக்ளர் 1989-ல் நகர்த்தி வைத்த செனான் அணுக்கள். படக்குறிப்பில் இருப்பதுபோல் அவை இரும்பும் அல்ல, எர்ட்லின் ஆய்வுக்கூடத்தில் எடுத்ததும் அல்ல. அடுத்த இதழில் திருத்தம் போட்டால் பள்ளிப் பிள்ளைகள் தப்பாக எழுதி மதிப்பெண் இழக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மன்னார்குடி