துப்பாக்கி அறிக்கையோடு படத்தையும் அனுப்புங்கள்

மாநிலத் தடய அறிவியல் ஆய்வகங்களின் இயக்குநர்களுக்கு,

வணக்கம். கொலை வழக்குகளில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், தரப்புக்கு ஆஜராகும் வழக்கறிஞன் நான். துப்பாக்கி வழக்கு என்றால், உங்கள் அறிக்கை கைக்கு வந்ததும், துப்பாக்கி தோட்டாவில் பதித்த கீறல்களின் படத்தை முதலில் தேடுவேன். பெரும்பாலும் இருப்பது ஒரே வரி: இந்தத் தோட்டா இந்தத் துப்பாக்கியில் சுடப்பட்டது. எந்தக் கீறல் எதோடு பொருந்தியது? பதில் இருக்காது. அரசு நிபுணரின் அறிக்கையை, அவரைக் கூண்டில் ஏற்றாமலேயே சாட்சியமாக ஏற்க, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்படியானால் எல்லாவற்றையும் அந்தத் தாளே சொல்லியாக வேண்டாமா?

1920-களில் அமெரிக்காவில் கால்வின் கோடார்டு பிரபலமாக்கிய ஒப்பீட்டு நுண்ணோக்கியே இன்றும் அடிப்படைக் கருவி. சுட்ட பின் எஞ்சும் இரண்டு காலித் தோட்டா உறைகளை அருகருகே வைத்து, சுடும் ஊசி குத்திய பள்ளத்தைக் கண்ணால் ஒப்பிடுவார்கள். விளக்கின் சாய்வை மாற்றினால் நிழல் மாறும். கீறலின் தோற்றமும் மாறும். கன்ஃபோகல் நுண்ணோக்கி நிழலை நம்புவதில்லை. ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் மைக்ரான் கணக்கில் அளக்கிறது. அந்த அளவுகளை வேறொரு நிபுணரும் வாங்கிச் சரிபார்க்கலாம். எனக்கு இதுதான் முக்கியம்.

கண் தவறாது என்று சொல்லாதீர்கள். அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு 2016-இல் சுட்டிக்காட்டிய ஓர் ஆய்வில், தவறான பொருத்தம் ஏறத்தாழ 66-க்கு ஒன்று. 46-க்கு ஒன்று வரைகூட இருக்கலாம் என்றது அக்குழு. உங்கள் அறிக்கைகளில் பிழை வீதம் என்ற சொல்லையே நான் பார்த்ததில்லை.

இது எதிரிக்கு மட்டும் உதவும் கோரிக்கை அல்ல. 1999-இல் டெல்லியில் நடந்த ஜெசிகா லால் கொலையில் துப்பாக்கியே சிக்கவில்லை. கிடைத்த இரண்டு காலி உறைகளும் ஒரே ஆயுதத்தில் சுடப்பட்டவையா என்பதில்தான் வழக்கு ஆடியது. முக்கிய எதிரிக்கு 2006 பிப்ரவரியில் விடுதலை, டிசம்பரில் உயர் நீதிமன்றத்தில் தண்டனை. கருத்துச் சொன்ன நிபுணர் மேலேயே பொய்ச் சாட்சி நடவடிக்கை பாய்ந்து, 2016-இல்தான் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அளவெடுத்த பதிவு கையில் இருந்தால் உங்கள் நிபுணருக்கும் அது கவசம்.

நாட்டுத் துப்பாக்கியின் வழுவழுப்பான குழலில், குண்டைச் சுழலவைக்கும் ரைஃபிளிங் வரிகளே பெரும்பாலும் கிடையாது. அங்கே குண்டை வைத்து முடிவு சொல்ல முடியாவிட்டால் அப்படியே எழுதுங்கள், குறைவாக நினைக்க மாட்டோம்.

கன்ஃபோகல் கருவி விலை அதிகம், எல்லா ஆய்வகத்துக்கும் நாளையே வராது என்பது தெரியும். ஒப்பீட்டு நுண்ணோக்கியில் கேமரா இருக்கிறதே. அந்தப் படங்களையும், முதல் முடிவு தெரியாமல் பார்த்த இரண்டாம் நிபுணரின் குறிப்பையும் அறிக்கையோடு இணைத்து, எதிரி தரப்புக்கும் ஒரு நகல் தர உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு குற்றவியல் வழக்கறிஞர்