இது சோம்பல் இல்லை, அம்மாடி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 8.4, ஃபெரிட்டின் 6. உன் வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனாலே இரத்தசோகைதான். ஃபெரிட்டின், உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு கையிருப்பு என்று காட்டுவது. 15-க்குக் குறைந்தாலே கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். இந்த உடம்போடு ஆபீசுக்கும் போய், வந்து சமைக்கவும் செய்துவிட்டு, "வரவர சோம்பேறி ஆகிவிட்டேன் அம்மா" என்று எழுதுகிறாயே, எனக்கு மனம் பொறுக்கவில்லை.

ஊர் ஊராகப் போய் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்த செவிலியராகச் சொல்கிறேன், இது சோம்பல் இல்லை. மூச்சில் இழுக்கும் பிராணவாயுவை உடம்பெங்கும் சுமந்துபோவது ஹீமோகுளோபின். அது குறைந்தால் கைகால் ஓய்ந்துபோகும். ஈடுகட்ட இதயம் வேகமாக அடித்துக்கொள்ளும். படியேறும்போது உனக்கு நெஞ்சு படபடப்பது அதனால்தான். பச்சரிசியை அள்ளி மெல்லத் தோன்றுவதும் இந்த நோயின் அடையாளமே. வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்.

ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை போதுமா என்று கேட்டிருந்தாய். போதும். ஒரு மாத்திரை உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க, குடல் மேற்கொண்டு இரும்பை உறிஞ்சாமல் தடுக்கும். அவசரப்பட்டு இரண்டாக விழுங்கினால் வயிறுதான் கெடும். எலுமிச்சைச் சாற்றோடு வெறும் வயிற்றில் போடு. குமட்டினால் சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள். டீ, காபி, பால் எதுவும் மாத்திரைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் வேண்டாம். மலம் கறுத்துப் போகும், பயப்படாதே.

பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் இரத்தமாகிவிடாது. பேரீச்சம்பழத்தையும் நம்பி உட்கார்ந்துவிடாதே, அதில் இருக்கும் இரும்பு கொஞ்சம்தான். ஆட்டு ஈரல், சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) இவற்றில் உள்ள இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். முருங்கைக்கீரை செய்தால் எலுமிச்சை பிழிந்துகொள். ஆனாலும் இவ்வளவு பெரிய பள்ளத்தைச் சாப்பாடு மட்டும் நிரப்பாது. ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் கையிருப்பு சேர இன்னும் மூன்று மாதமாவது மாத்திரை வேண்டியிருக்கும். தெம்பு வந்துவிட்டது என்று நடுவில் நிறுத்தாதே.

அதுவரை உடம்போடு மல்லுக்கட்டாதே. கடினமான வேலையைத் தெம்பு இருக்கும் காலை நேரத்தில் முடி. உட்கார்ந்து காய் நறுக்கு, உட்கார்ந்தே குளி. படுக்கையிலிருந்து சட்டென்று எழாதே. மாப்பிள்ளையிடம் இரவுச் சமையலைக் கொடுத்துவிடு. கேட்கத் தயங்கினால் நான் கேட்கிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ.

இனிச் சொல்வதுதான் முக்கியம். இரும்பு எங்கே போகிறது என்று கண்டுபிடிக்காமல் மாத்திரை மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தால் மறுபடியும் இங்கேயேதான் வந்து நிற்பாய். மாதவிலக்கு ஒன்பது நாள் நீடிக்கிறது, கட்டி கட்டியாகப் போகிறது என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறாய். டாக்டரிடம் சொல்லவில்லை. "எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே" என்றாயாம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருந்தது. இத்தனை பேருக்கு இருப்பதாலேயே இதை யாரும் நோயாக நினைப்பதில்லை. ஏழு நாளைத் தாண்டும் உதிரப்போக்கு இயல்பானது இல்லை. கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம். பார்த்தால்தான் தெரியும். பெரும்பாலும் மருந்திலேயே கட்டுப்படுத்தலாம்.

இந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பார். எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் என்று தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போ. ஸ்கேன் எடுக்கச் சொன்னால் தள்ளிப்போடாதே. தனியாகப் போக வேண்டாம் என்று தோன்றினால் ஒரு வார்த்தை சொல், ராத்திரி ரயிலைப் பிடித்து வந்துவிடுகிறேன். அப்பா இங்கே சமைத்துக்கொள்வார்.

அன்புடன்,
அம்மா