வில்பட்டி ரோட்டில் ஒரு குதிரை

கொடைக்கானல்
ஐப்பசி 20, வியாழன்

அன்பு மகன் கார்த்திக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். நீ நலமாக இருக்கப் பூம்பாறை குழந்தை வேலப்பரை வேண்டிக்கொள்கிறோம். தபாலைப் பார்த்ததும் என்னவோ ஏதோ என்று பதறாதே. போனில் பேசினால் நீ “சரிப்பா, லைனில் கூப்பிடுகிறார்கள்” என்று வைத்துவிடுகிறாய். குறையாகச் சொல்லவில்லை, உன் வேலை அப்படி. ஆனால் எனக்கு ஒரு விஷயத்தை முதலிலிருந்து கடைசிவரை சொல்லியாக வேண்டும். அதற்கு 2 நிமிஷம் போதாது.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தங்கச்சி படிக்கிறாள். தீபாவளிக்கு நீ வருவாய் என்று அம்மா அதிரசம் சுட்டாள். பாதியை இன்னும் டப்பாவில் வைத்திருக்கிறாள், யாரையும் தொட விடவில்லை. நீ அனுப்பிய 5,000 ரூபாய் வந்து சேர்ந்தது. உன் வயதில் நான் என் அப்பாவுக்கு ஒரு பைசா கொடுத்ததில்லை. அதை டீக்கடையில் எல்லோரிடமும் சொன்னேன். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் பைக் ஓட்டாதே. கம்பெனி பஸ்ஸிலேயே போய் வா.

விஷயம் ஒரு குதிரை. அட்டுவம்பட்டி தாண்டி வில்பட்டி ரோட்டில், பேரிக்காய் மரங்கள் நிற்கிற வளைவுக்குக் கீழே ஒரு காலி இடம் இருக்கிறதே, அங்கே கட்டிக் கிடக்கிறது. வெள்ளைக் குதிரை, பெட்டை. நான் இப்போது காவலுக்குப் போகிற காட்டேஜ் அந்தப் பக்கம்தான். சாயங்காலம் போகும்போது ஒரு தடவை, காலையில் திரும்பும்போது ஒரு தடவை பார்க்கிறேன். இன்றோடு 11 நாள்.

நல்ல குதிரைக்கு விலா கையில் தட்டுப்பட வேண்டும், கண்ணில் படக் கூடாது என்று உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்தேன். இதற்கு ரோட்டில் நின்றே எண்ணிவிடலாம். முதுகெலும்பு கூரை முகடு மாதிரி துருத்திக்கொண்டிருக்கிறது. இடுப்பெலும்பு இரண்டும் தனித்தனியாகத் தெரிகிறது. குளம்பு முன்பக்கம் செருப்பு மாதிரி நீண்டு வளைந்துவிட்டது. மாசத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தானே குளம்பு வளரும். அப்படியானால் லாடக்காரர் கை பட்டு அரை வருஷத்துக்கு மேல் இருக்கும். தண்ணீருக்கு ஒரு பெயிண்ட் டின். அதில் மழை பெய்தால் தண்ணீர், இல்லாவிட்டால் இல்லை. ஒரு குதிரை நாளுக்கு 30 லிட்டர் குடிக்கும். அந்த டின் 10 லிட்டர்கூடப் பிடிக்காது.

ஆனாலும் அடுத்தவர் குதிரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேசக் கூடாது. நம் கறுப்பு மட்டக்குதிரை ஞாபகம் இருக்கிறதா? மெட்ராஸிலிருந்து வந்த ஒரு அம்மா லேக் ரோட்டில் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் என்னைப் பிடித்துக்கொண்டார். பட்டினி போட்டுச் சம்பாதிக்கிறாயே, நீ மனுஷனா என்று கேட்டார். அதற்குக் கடைவாய்ப் பல் தேய்ந்து ஓரம் கத்தியாகிவிட்டது. புல்லை மென்று உருண்டை உருண்டையாக வெளியே தள்ளும். நான் ராத்திரி எழுந்து தவிட்டை ஊறவைத்துக் கொடுத்ததை அந்த அம்மா எங்கே பார்த்தார்? அன்றைக்கு நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அந்த அவமானத்தை நான் இன்னொருத்தருக்குத் தரக் கூடாது என்றுதான் அவசரப்படாமல் பார்த்தேன்.

அதனால் கிட்டே போய்த் தரையைப் பார்த்தேன். துப்பிய உருண்டை ஒன்றுகூட இல்லை. துப்புவதற்குப் புல்லே இல்லை. கயிறு எட்டுகிற தூரம் வரைக்கும் அருகம்புல்லை வேரோடு கடித்து எடுத்திருக்கிறது. லத்தி கொஞ்சம்தான், அதிலும் மண். வாலுக்கு அடியில் கறுப்புக் கட்டிகள் இருக்கின்றன, அதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். வயதான வெள்ளைக் குதிரைகளுக்கு அது வருவதுதான். முதுகில் மழை ஈரத்தில் மயிர் கொத்துக் கொத்தாகப் பொருக்குக் கட்டி உரிகிறது. அது ஒதுங்க இடம் இல்லாததால் வருவது. ஐப்பசி மழையில் ஒரு தகரம்கூட மேலே இல்லை. பல் கோளாறு இல்லை, வயது மட்டும் இல்லை. கவனிக்க ஆள் இல்லை.

நாலாவது நாள் வீட்டிலிருந்து கொள்ளுத் தானியத்தைத் துண்டில் முடிந்து எடுத்துக்கொண்டு போனேன். போய் முன்னால் நின்ற பிறகுதான் நாயுடுபுரத்துக் குதிரை நினைவுக்கு வந்தது. ஊரடங்கில் எலும்பும் தோலுமாகக் கிடந்ததே, அதுதான். அந்தத் தெருவில் இரக்கப்பட்டு ஒரு வாளி கொள்ளும் தவிடும் வைத்தார்கள். வாரம் முடிவதற்குள் விழுந்தது. பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகத் தானியம் போனால் ரத்தத்தில் சத்துகளின் கணக்கு தவறி இதயம் நின்றுவிடும் என்று டாக்டர் அப்புறம் சொன்னார். குதிரை மசால் என்கிற தீவனப்பயிர் மாதிரி தழைத் தீனிதான் கொடுக்க வேண்டுமாம். அதுவும் அரைக் கிலோ அளவில், 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை, முதல் 3 நாளைக்கு. தானியம் எல்லாம் பல நாள் கழித்துத்தான். கொள்ளை அப்படியே திருப்பி எடுத்து வந்துவிட்டேன். காட்டேஜிலிருந்து இரண்டு வாளி தண்ணீர் சுமந்து வைத்தேன். தலையைத் தூக்காமல் குடித்தது. தினமும் அதை மட்டும் செய்கிறேன், கூட இரண்டு பிடி புல். கேட்காமல் செய்கிறேன்.

நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. கேன்டீனில் ராத்திரி சோறு நன்றாக இல்லை என்று வெறும் டீயைக் குடித்துவிட்டு நிற்காதே. அந்த வயிற்றோடு பைக் வேறு ஓட்டாதே.

கால்நடை டாக்டரிடம் போய்க் கேட்டேன். பொறுமையாகத்தான் சொன்னார். 1960-ஆம் வருஷத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. சொந்தக்காரர் போதுமான தீனி, தண்ணீர், ஒதுங்க இடம் கொடுக்காவிட்டால் அதுவே குற்றம். ஆனால் முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். ஐம்பது ரூபாய்! லேக்கைச் சுற்ற ஒரு சவாரிக்கு நாம் வாங்கினதைவிடக் குறைவு. புகார் கொடுத்தால் போலீஸ் வரும், சரி. வந்தபின் குதிரை எங்கே போகும்? சொந்தக்காரர் பயந்துபோய் ராத்திரியோடு ராத்திரியாகக் கயிற்றை அவிழ்த்துவிட்டால் முடிந்தது. ஊட்டியில் அப்படித்தான் ரோட்டில் அலைந்து குப்பைத் தொட்டியில் பிளாஸ்டிக்கைத் தின்கின்றன. அவிழ்த்துவிடுவதும் அதே சட்டத்தில் குற்றம்தான், ஆனால் யார் அவிழ்த்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விழுந்து கிடந்தால் 1962 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள், வண்டி வரும், அதற்கு முன்னால் ஆளைப் பார்த்து நேரில் பேசுங்கள் என்றார் டாக்டர். அவர் சொன்னதுதான் எனக்கும் சரியாகப் பட்டது.

ஆள் யார் என்று டீக்கடையில் விசாரித்தேன். கெட்டவர் இல்லை. 2024 மே மாசம் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததிலிருந்து சவாரி குறைந்துவிட்டதாம். கேரட் தோட்டத்தில் கூலிக்குப் போகிறார். மனைவிக்கு டயாலிசிஸ். வாரத்துக்கு இரண்டு தடவை மலையிறங்கிக் கூட்டிப் போகிறார். அப்படிப்பட்டவரிடம் போய்க் குதிரைக்குப் புல் போடு என்று எப்படிச் சொல்வது? ஆனால் அவருக்கு உதவியாகச் சொல்லலாமே. நான் காலையும் மாலையும் பார்த்துக்கொள்கிறேன், பேர் உங்களுடையதாகவே இருக்கட்டும் என்று சொன்னால் எந்த மனுஷன் வேண்டாம் என்பான்? இதை யோசித்து ஒரு வாரம் ஆகிறது. அவர் வீடு அந்த வளைவிலிருந்து 200 அடி. நான் இன்னும் போகவில்லை.

கார்த்தி, இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். குதிரை, குதிரை என்றே எழுதியிருக்கிறேன்.

அது தும்பை.

முதல் நாள் எனக்கே தெரியவில்லை. அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் 2013 ஆடியில் வாங்கும்போது நாலு வயது, சாம்பல் நிறம். போகப்போக வெளுத்துவிடும் என்று தரகர் சொன்னதைக் கேட்டு நீதான் அப்போதே தும்பை என்று பேர் வைத்தாய். நம்மை விட்டுப் போகும்போதுகூடத் தொடையில் சாம்பல் புள்ளிகள் இருந்தன. இப்போது ஒரு புள்ளி இல்லை, முழு வெள்ளை. இரண்டாம் நாள் காதைப் பார்த்தேன். முள்கம்பியில் கிழித்துக்கொண்ட இடம். வலது காது. பின்னங்காலில் இடதை மட்டும் மடக்கி ஊன்றி நிற்கிற அதே நிற்பு. நான் இருமினேன், தலையைத் தூக்கிவிட்டாள்.

கோயம்புத்தூரில் குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கிற இடத்துக்குக் கொடுத்தேன் என்று 2020-இல் உன்னிடம் சொன்னேன். பச்சைப் புல்வெளி, நல்ல கொட்டகை, வெயில் நேரத்தில் வேலை கிடையாது என்றெல்லாம் சொன்னேன். அப்படி ஒரு இடத்துக்கு நான் கொடுக்கவே இல்லை. கீழேயிருந்து ஒரு புரோக்கர் குட்டியானை வண்டியோடு வந்தார். 18,000 ரூபாய் எண்ணிக் கொடுத்தார். யாருக்கு, எந்த ஊருக்கு என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்று பயந்து கேட்கவில்லை. நீ அவள் நெற்றிக்கு விபூதி இட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாய். நான் பொய்யை முந்தின ராத்திரியே தயார் செய்து வைத்திருந்தேன்.

சவாரி நின்று 3 மாசம், லேக்கில் ஈ காக்கை இல்லை, தீனிக்கு வழியில்லை. எல்லாம் நிஜம்தான். அந்தப் பணம் உன் பாலிடெக்னிக் ஃபீஸுக்குப் போனதும் நிஜம். ஆனால் அதைச் சொல்லி உன் தலையில் ஏற்றமாட்டேன். உன் அத்தை ஃபீஸை நான் தருகிறேன் அண்ணா என்று இரண்டு தடவை சொன்னாள். தங்கச்சியிடம் கை நீட்டுவதா என்று நான்தான் மறுத்தேன். தும்பையை விற்றது பஞ்சத்தால் மட்டும் இல்லை, என் வீராப்பாலும்தான். இதை அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

எத்தனை கை மாறி மறுபடி இந்த மலைக்கே வந்தாளோ தெரியாது. நான் அந்த வீட்டு வாசலில் போய் நின்றால் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: இவ்வளவு அக்கறை இருக்கிறவன் ஏன் விற்றாய்? 11 நாளாக அதற்குப் பயந்துகொண்டு, தண்ணீர் வாளியோடு திருடன் மாதிரி போய் வருகிறேன்.

இன்னொரு பயமும் இருக்கிறது. போட் ஹவுஸில் வேலை பார்க்கிற உன் சிநேகிதன் அந்த ரோட்டில்தான் தினமும் போகிறான். அவன் தும்பையை என்னைவிட முன்னாடியே பார்த்திருப்பான், உன்னிடம் சொல்லியிருப்பான். பொங்கலுக்கும் வரவில்லை, தீபாவளிக்கும் வரவில்லை, பேசினாலும் இரண்டே நிமிஷம். அது வேலையால்தானா என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. 22 வயதில் நீ ஒரு குடும்பத்தைத் தாங்குகிறாய், உன்னிடம் நான் எதைக் கேட்பது? ஆனால் வீட்டுப் பக்கம் தலைகாட்டாமல் இருப்பதும் சரியில்லை கார்த்தி. அம்மாவுக்கு எதுவும் தெரியாது. அவள் என்ன தப்பு செய்தாள்?

நாளைக்குப் போகிறேன். அவர் கேட்டால் உனக்கு எழுதியதை அப்படியே சொல்வேன். பார்த்துக்கொள்ள விட்டால் போதும். விற்கிறேன் என்றால் போஸ்ட் ஆபீஸில் 12,000 இருக்கிறது, மீதிக்கு இந்தத் தடவை அத்தையிடம் கேட்கிறேன். கொட்டகையில் விறகு அடுக்கியிருக்கிறோம், அதை ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்துப் போட்டுவிடலாம். ஓட்டில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. அவள் தலைக்கயிறு பரணில் இருந்தது. பூஞ்சணம் துடைத்து எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். எதற்கும் ஒத்துவரவில்லை என்றால் ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பேன், ஐம்பது ரூபாய் அபராதமானாலும் சரி.

அவர் சம்மதித்தால் புதன்கிழமை டாக்டர் வந்து பார்ப்பார். ஊசி போட வேண்டியிருக்கும், பல்லும் பார்க்க வேண்டும். அவள் இடது பக்கம் யாரையும் அண்டவிடமாட்டாள், உனக்குத்தான் தெரியுமே. நீ மட்டும் நாக்கை மடக்கி ஒரு சத்தம் கொடுத்துக்கொண்டே போவாய், நின்றுவிடுவாள். அந்தச் சத்தம் எனக்கு வரவில்லை. தினமும் செய்து பார்க்கிறேன், காதை மட்டும் திருப்புகிறாள். அதைப் போனில் பதிவு செய்து அனுப்பு. என் போனில் வராது, தங்கச்சி போனுக்கு அனுப்பு. புதன்கிழமைக்குள் அனுப்பு.

பைக்கில் ராத்திரி வேண்டாம்.

அப்பா