வாங்கியவர் ஏன் இரண்டு முறை கட்ட வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜிஎஸ்டியைக் கட்டுவது வாடிக்கையாளர்தானே, கடைக்காரருக்கு என்ன நஷ்டம் என்று படித்தவர்களே கேட்கிறார்கள். திருநெல்வேலி டவுணில் பாத்திரக் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஒரு லட்சம் ரூபாய்க்கு எவர்சில்வர் பாத்திரம் எடுத்தால், 5 சதவீத வரி 5,000 ரூபாயையும் சேர்த்து மொத்த வியாபாரியிடம் கொடுக்கிறேன். (2025 செப்டம்பர் வரை இது 12 சதவீதம்.) அதே சரக்கை 1,20,000 ரூபாய்க்கு விற்றால் வசூலாகும் வரி 6,000. முன்பே கொடுத்த 5,000 எனக்கு இன்புட், அதாவது நான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகை. அது போக 1,000 கட்டினால் போதும். 2007இல் தமிழ்நாட்டில் வாட் (மதிப்புக் கூட்டு வரி) வந்தபோதும் அடிப்படை இதுதான். நியாயமான கணக்கு, குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் மொத்த வியாபாரி தன் ரிட்டனில் (வரிக் கணக்குத் தாக்கலில்) என் பில்லைக் காட்டவில்லை என்றால், விற்றவர்கள் காட்டிய பில்களைத் தொகுத்து மாதம் 14ஆம் தேதி எனக்கு வரும் 2பி பட்டியலில் அது இருக்காது. முழு 6,000ஐயும் நானே கட்ட வேண்டும். பில்லைக் காட்டிவிட்டு அவர் வரியைக் கட்டாமல் விட்டாலும், எடுத்த இன்புட்டைத் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வருவது எனக்குத்தான். ஆதாயமே 20,000. வாடகை, கரண்ட், ஆள் சம்பளம் எல்லாம் அதற்குள். அதில் 5,000 போனால் என்ன மிஞ்சும்?

திருநெல்வேலி வணிகவரி அதிகாரி பிறப்பித்த இப்படிப்பட்ட உத்தரவை எதிர்த்து ரப்பர் ஷீட் வியாபாரிகள் வழக்குப் போட்டார்கள். 2021 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, விற்றவரை விசாரிக்காமல் வாங்கியவரிடம் மட்டும் வசூலிக்கப் போனது தவறு என்று சொல்லி அதை ரத்து செய்தது. ஆனால் 5,000 ரூபாய்க்காக வக்கீல் வைத்து மதுரைக்கு நடக்கச் சிறு கடைக்காரரால் ஆகுமா?

சிறு வியாபாரிகள் விற்பனைத் தொகையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்துக்குப் போங்கள், 1 சதவீதம்தானே என்பார்கள். அதில் இன்புட்டே கிடையாது, வாடிக்கையாளரிடம் வரி வாங்கவும் கூடாது. வெளிமாநிலத்துக்கு விற்கவும் முடியாது. எல்லையில் இருக்கும் புளியரை தாண்டிக் கேரளாவுக்குச் சரக்கு அனுப்பும் செங்கோட்டைக் கடைக்காரர் என்ன செய்வார்?

வணிகவரித் துறை முதல் நோட்டீஸை விற்றவருக்கு அனுப்பட்டும். அவரிடம் வசூலிக்க முடியாது என்று ஆன பிறகு எங்களிடம் வரட்டும்.

அதுவரை சக வியாபாரிகள் ஒன்று செய்யலாம். பில் 2பியில் ஏறும் வரை வரித் தொகையை மட்டும் நிறுத்தி வையுங்கள். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் முழுப் பணமும் கொடுத்தால் இன்புட்டுக்குப் பாதகமில்லை. மொத்தக் கடைக்காரர் முகம் சுளித்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
பாத்திரக் கடைக்காரர் ஒருவர்,
திருநெல்வேலி டவுண்.