மணலில் காய்வதும் வலையில் காய்வதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நாட்டின் தொழில்களில் உற்பத்தித்திறன், அதாவது ஒரு மணி நேர உழைப்பில் கிடைக்கும் பலன், வளர வேண்டும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சொன்னதில் தப்பில்லை. ஆனால் ரோபோ, செயற்கை நுண்ணறிவு, பெரிய ஆலைகள் என்று போன அந்தக் கட்டுரையில் எங்களைப் போன்ற சின்னத் தொழில்காரர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மண்டபம் பக்கம் நான்கு பெண்களை வைத்துக் கருவாட்டுக் கொட்டகை நடத்துகிறேன். அங்கே நான் கண்டதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஆரம்பத்தில் நெத்திலியை மணலில்தான் காயப்போட்டோம். எங்கள் பக்கம் பலரும் அப்படித்தான். காலையில் பரப்பி, வெயில் ஏறியதும் புரட்டி, மத்தியானம் மறுபடி புரட்டி, பனி இறங்குவதற்குள் கூட்டி அள்ளி, சல்லடையில் போட்டு மணலைச் சலிக்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எவ்வளவு சலித்தாலும் மணல் போகாது, மீனோடு ஒட்டியே காய்ந்துவிடும். காக்கையும் நாயும் வராமல் பார்க்க ஒரு ஆள் தனியாக வேண்டும். இத்தனையும் செய்து முடித்தால், வியாபாரி ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பார். நறநறவென்றால் விலையைப் பாதிக்கு இறக்கிவிடுவார். ரொம்ப மோசமான சரக்கு கோழித் தீவனத்துக்குத்தான் போகும். நாலு பேர் பகல் முழுக்க வெயிலில் நின்ற கூலிகூடக் கட்டாது.

அப்புறம்தான் சவுக்குக் கம்பு நட்டு, இடுப்பு உயரத்தில் பழைய வலையை இழுத்துக் கட்டிப் பரண் போட்டோம். செய்த மாற்றம் அவ்வளவுதான். மேலே வெயில், கீழே காற்று. இரண்டு பக்கமும் காய்வதால் புரட்டும் வேலை பெரும்பாலும் மிச்சம். தூறல் விழுந்தால் தார்ப்பாயை இழுத்து மூடிவிடலாம். முன்பெல்லாம் ஓடி ஓடி அள்ளுவதற்குள் பாதி நனைந்திருக்கும். இப்போது பரணை இரண்டு பேர் பார்த்துக்கொள்கிறார்கள். மற்ற இரண்டு பேர் தரம் பிரித்து, எடை போட்டு, அரைக்கிலோ பாக்கெட் கட்டுகிறார்கள். யாருக்கும் வேலை போகவில்லை. நாளெல்லாம் குனிந்து இடுப்பு விட்டுப்போச்சு என்று அழுத அக்கா இப்போது தராசு பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அதே மீன், அதே வெயில், அதே நாலு பேர். ஆனால் கைக்கு வரும் காசு கூடியிருக்கிறது, பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கும் போய்விடுகிறோம்.

கல்லூரியில் பொருளியல் படிக்கும் என் மகளிடம் இதைச் சொன்னேன். "இதைத்தாம்மா சோலோ கணக்குப் போட்டுக் காட்டினார்" என்று பாடப் புத்தகத்தை எடுத்து வந்தாள். ராபர்ட் சோலோ என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1957-ல் எழுதியது. 1909 முதல் 1949 வரை அமெரிக்காவில் ஒரு மணி நேர உழைப்பில் கிடைத்த உற்பத்தி இரண்டு மடங்கானதாம். அந்தக் கூடுதலில் எட்டில் ஏழு பங்கு, வேலை செய்யும் முறையும் நுட்பமும் மாறியதால் வந்தது, எட்டில் ஒரு பங்குதான் கூடுதல் முதலீட்டால் வந்தது என்பது அவர் கணக்கு. இவருக்கு 1987-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். என் பரணுக்கு ஆன செலவை நினைத்தால் அந்தக் கணக்கை நம்புவதில் எனக்குச் சிரமமே இல்லை.

2023-ல் இன்போசிஸ் நாராயண மூர்த்தி, நம் நாட்டில் உற்பத்தித்திறன் குறைவு, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். பெரியவர் சொல்லை மரியாதையோடு மறுக்கிறேன். மணலில் காயப்போட்ட காலத்தில் நாங்கள் 70 மணி நேரத்துக்குக் குறையாமல்தான் உழைத்தோம். நேரத்தைக் கூட்டினால் சரக்கு கூடலாம். ஒரு மணி நேரத்துக்கு என்ன கிடைக்கிறது என்பது அதனால் கூடிவிடாது.

இன்னொன்று. கடலில் இன்னும் அதிகம் பிடிப்பதை உற்பத்தித்திறன் என்று யாரும் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை இருப்பதே மீன் குஞ்சு பொரித்து வளரட்டும் என்றுதான். எல்லோரும் எஞ்சின் குதிரைத்திறனை ஏற்றிக்கொண்டே போனால் டீசல் செலவு கூடும், படகுக்குக் கிடைக்கும் மீன் குறையும். வருகிற மீனை வீணாக்காமல், நல்ல விலைக்கு மாற்றுவதில்தான் எங்களுக்கு வழி இருக்கிறது.

இதை ஏதோ கருவாட்டுக்காரி கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்புப்படி இந்தியாவில் வேலை செய்பவர்களில் சுமார் 46 சதவீதம் பேர் விவசாயத்திலும் மீன்பிடி உள்ளிட்ட அதன் சார்புத் தொழில்களிலும் இருக்கிறார்கள். நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் இந்தத் துறையின் பங்கு சுமார் 18 சதவீதம்தான். அதாவது இதில் உழைக்கும் ஒருவருடைய உற்பத்தி, நாட்டுச் சராசரியில் பாதிகூட இல்லை. நூற்றுக்கு 46 பேரான இவர்களை விட்டுவிட்டு எந்தச் சராசரியை உயர்த்தப் போகிறோம்?

சரி, தடை எங்கே இருக்கிறது என்றால், எனக்குத் தெரிந்து கடனில். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் பரணும் உதவாது. அதற்குச் சோலார் உலர்த்திக் கூடாரம் போட வேண்டும். மத்திய அரசின் மீன்வளத் திட்டத்தில் பெண்களுக்கு 60 சதவீதம் வரை மானியம் உண்டு. மீதிப் பணத்துக்கு வங்கிக்குப் போனேன். கொட்டகை இருக்கும் இடத்துக்குப் பட்டா கேட்டார்கள். கடற்கரைப் புறம்போக்கில் பட்டாவுக்கு எங்கே போவது? சிறு தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லியிருக்கிறது. அதைச் சொன்னேன். "மேலே கேட்டுச் சொல்கிறோம்" என்றார்கள். மூன்று முறை நடந்துவிட்டேன், பதில் இல்லை.

அடுத்த முறை உற்பத்தித்திறன் பற்றி எழுதும்போது, பட்டா இல்லாத கடற்கரைத் தொழிலுக்குக் கடன் கிடைக்க என்ன வழி என்று விவரம் தெரிந்த வங்கி அதிகாரிகளிடம் கேட்டு வெளியிடுங்கள். வாடை தொடங்குவதற்குள் வந்தால் எனக்கு உதவும். மழை விழுந்துவிட்டால் என்னோடு இருக்கும் நாலு பேருக்கும் தை மாதம் வரை வேலை இருக்காது.

இப்படிக்கு,
கருவாட்டுத் தொழில் செய்யும் வாசகி,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்